பதினாலு நீளம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மேஜையில் ஒரு தடித்த நீல அட்டைப் புத்தகத்தைத் தொப்பென்று வைத்தான். அவன் ஓட்டுகிற விமானத்தின் கையேடு. எழுதியது நான். எங்கள் கம்பெனி செய்கிற சின்ன விமானங்களுக்கெல்லாம் இருபத்திரண்டு வருஷமாக நான்தான் கையேடு எழுதுகிறேன். அவன் பறக்கிற கம்பெனி அதில் இரண்டை வாங்கியபோது, தன் அக்கா எழுதின புத்தகம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தான். அன்றைக்கு முகத்தில் அந்தப் பெருமையெல்லாம் சுத்தமாக இல்லை.

"அறுபத்தி மூணாம் பக்கம் எடு அக்கா," என்றான்.

எடுக்காமலே எனக்குத் தெரியும். வாலுக்குப் பக்கத்தில் இருக்கிற சாமான் அறையில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று சொல்கிற பக்கம். அடியில் 'மாற்றமில்லை' என்று நீல மையில் ஒரு முத்திரை, அதன்மேல் என் கையெழுத்து.

"வெள்ளிக்கிழமை பதினெட்டு சீட்டும் ஃபுல். பின்னாடி நீ போட்டிருக்கற அளவுக்கு ரெண்டு கிலோ கம்மியாத்தான் ஏத்தினேன். தரைய விட்டதும் மூக்கு தானா மேல போகுது. நான் இழுக்கவே இல்ல. ரெண்டு கையாலயும் முன்னாடி தள்ளிப் பிடிச்சேன், பக்கத்துல இருந்தவனும் சேர்ந்து தள்ளினான். முப்பத்தஞ்சு நிமிஷம். இறங்கற வரைக்கும் கைய எடுக்க முடியல." உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். இரண்டு கட்டைவிரல்களுக்கும் அடியில் தோல் வழன்றிருந்தது. "இந்த அளவு சோதிச்சுப் பாத்தாங்களா, இல்லியா?"

"பாக்காம நான் முத்திரை போடுவேனாடா?"

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றதற்கு வேண்டாம் என்றான். "செவ்வாய்க்கிழமை மறுபடியும் எனக்கு அதே வண்டிதான். அதுக்குள்ள கேட்டுச் சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை.

எங்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த காரியம் புரியாது. பெரிய கம்பெனிகள் கண்டம் விட்டுக் கண்டம் போகிற விமானம் செய்யும். நாங்கள் செய்வது டவுன் பஸ் மாதிரி, காலையில் சின்ன ஊரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய்ப் பெரிய ஊரில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற வண்டி. பெரிய முதலாளி ஆரம்பித்தபோது பறவைப் பெயர்தான் வைத்தார். முதல் விமானத்துக்கு நாரை என்று பெயர். பக்கவாட்டில் பார்த்தால் பானைக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும். விமானிகள் அதைப் பானை என்றே கூப்பிட்டார்கள். ஒருநாள் எவனோ ரேடியோவில் "பானை வருது, இறங்கலாமா?" என்று கேட்டதை முதலாளியே காதால் கேட்டுவிட்டார். அன்றோடு பறவைகள் ஒழிந்தன. இனிமேல் எத்தனை சீட்டோ அதுதான் பெயர், எவன் கிண்டல் பண்ணுகிறான் என்று பார்க்கலாம் என்றார். நாரை 'எட்டு' ஆனது. அடுத்து 'பத்து' வந்தது, இரண்டே இரண்டு செய்து விற்காமல் நிறுத்தினோம். அப்புறம் 'பதினாலு'. எங்கள் எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிந்தது அதனால்தான். அந்தப் பெயர்களில் அழகு ஒன்றும் கிடையாது. ஆனால் ஏறி உட்கார்ந்து யார் எண்ணிப் பார்த்தாலும் சரியாக இருக்கும்.

பெரியவர் போனபிறகு மகன் வந்தார், சின்ன முதலாளி. பதினாலை நடுவில் வெட்டி, இறக்கைக்கு முன்னால் ஒரு துண்டும் பின்னால் ஒரு துண்டும் சேர்த்து, பதினெட்டுப் பேர் உட்காருகிற மாதிரி நீட்டச் சொன்னார். இதில்தான் ஒரு சங்கதி இருக்கிறது. புது எண் வைத்தால் அரசாங்கக் கணக்கில் அது புது விமானம். மூக்கிலிருந்து வால் வரை எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்துக் காட்ட வேண்டும், இரண்டு வருஷம் ஓடிவிடும். விமானிகளும் புதிதாக லைசென்ஸ் வாங்க வேண்டும். பழைய எண்ணையே வைத்துப் பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால், மாறின பாகத்துக்கு மட்டும் கம்பெனியே சோதனை செய்து எழுதிக்கொடுத்தால் போதும். என்ன பெயர் வைக்கலாம் என்று கூட்டம் போட்டுக் கேட்டார். எல்லோரும் பதினெட்டு என்றார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பதினாலு நீளம்னு வெச்சுடலாமே சார்," என்றேன். சின்ன முதலாளி மேஜையைத் தட்டிச் சிரித்தார். அடுத்த வாரம் மரத்தில் சின்னதாக ஒரு விமானம் செய்து, தங்க எழுத்தில் அந்தப் பெயரை எழுதி எனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். என் ஷோகேஸில் தம்பியின் கல்யாண போட்டோவுக்கு முன்னால் நிற்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டாமல் விட்டதில்லை.

மாறின பாகத்துச் சோதனைகளுக்குப் பொறுப்பு பென்சில். வரைபடப் பிரிவுத் தலைவர். வரைவதெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியும் காதில் செருகின பென்சிலை எடுக்காத மனுஷர், அதனால் அந்தப் பெயர். இருபத்திரண்டு வருஷமாக மதியச் சாப்பாடு அவரும் நானும் ஒரே மேஜையில்தான். எங்கள் அப்பா இறந்த அன்று முதலில் வந்து நின்றவர் அவர். தம்பி கல்யாணத்தில் வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டவரும் அவர்தான். தம்பி அவரை மாமா என்பான்.

பழைய எண்ணில் புது விமானம் வரும்போது நான் பழைய கையேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பேன். மாறாத பக்கத்தின் அடியில் 'மாற்றமில்லை' முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவேன். பதினாலு நீளத்துக்கு எட்டு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் குத்தினேன். அறுபத்து மூன்றை மட்டும் தனியே எடுத்துவைத்தேன். விமானம் நீண்டால் வால் பக்கத்துப் பாரம் அதே மாதிரி இருக்காது என்று எனக்கே தெரியும், இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். சோதனை ரிப்போர்ட் வரட்டும் என்று பதினொரு நாள் காத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் பென்சில் கையில் இரண்டு டீயோடு வந்தார். "சோதனை முடிஞ்சுதும்மா. ஒண்ணும் மாறல, போட்டுடு," என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டிருப்பேன். அவரிடம் கேட்கத் தோன்றவே இல்லை. டீயைக் குடித்துக்கொண்டே குத்தினேன்.

திங்கட்கிழமை காலை புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அறுபத்து மூன்றைத் திறந்து அவர் முன்னால் வைத்து, தம்பி சொன்னதைச் சொன்னேன். அவர் மறுப்பார், சண்டை போடுவார், என்ன உளறுகிறாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படிக் கேட்க வேண்டுமே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் போனேன். அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். குனிந்து கடைசி இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

சோதனை ரிப்போர்ட். நான் முத்திரை குத்தியதற்கு ஒன்பது நாள் முந்தைய தேதி. எல்லா சீட்டும் நிறைந்திருந்தால் பின் அறையில் பழைய அளவில் பாதிக்கும் குறைவாகத்தான் ஏற்றலாம், மீறினால் மூக்கு தூக்கிக்கொள்ளும் என்று சோதனை விமானி தெளிவாக எழுதியிருந்தார். எண்களுக்கு அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

"பாதிப் பாரம்தான்னு எழுதினா எவன்மா வாங்குவான்?" என்றார். "ஆறு மாசத்துல வாலப் பெருசு பண்ணிடலாம், அதுவரைக்கும் இத வெளிய விடாதீங்கன்னு சின்னவர் சொன்னார்."

"ஒன்றர வருஷம் ஆச்சு."

அவர் இழுப்பறையைத் தள்ளிச் சாத்தினார்.

"என் தம்பி ஓட்டறான்னு தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவன் கெட்டிக்காரன்மா. சமாளிச்சுப்பான்னு நெனச்சேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷரிடம் எனக்கு ஒருமுறைகூடக் கோபம் வந்ததில்லை. எப்படிக் கோபப்படுவது என்றே தெரியாமல் நின்றேன். தினமும் எதிரில் உட்கார்ந்து, தம்பி எப்படி இருக்கிறான், குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டதா என்று விசாரித்தாரே, அப்போதெல்லாம் இந்தக் காகிதம் இந்த இழுப்பறையில்தான் இருந்திருக்கிறது. பாவி. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு எப்படி நிதானமாகச் சோறு சாப்பிட முடிந்தது?

கிளம்பும்போது அவர் சொன்னார், "பேரு நீ வெச்சதுதானேம்மா. பதினெட்டுன்னு இருந்திருந்தா நாங்க எதையும் மறைச்சிருக்கவே முடியாது." குத்திக்காட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. சாதாரணமாக, நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். ரிப்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு புது அறுபத்து மூன்றாம் பக்கத்தை டைப் அடித்தேன். மேலே விமானத்தின் பெயர் வருகிற இடத்தில் ஆத்திரத்தோடு 'பதினெட்டு' என்று அடித்தேன். அப்புறம் அழித்தேன். அந்தப் பெயரில் உலகத்தில் ஒரு விமானமும் இல்லை, எவனும் தன் புத்தகத்தில் சேர்க்க மாட்டான். திரும்பவும் 'பதினாலு நீளம்' என்று என் கையாலேயே அடித்தேன். ரிப்போர்ட்டின் நகலையும் சேர்த்து, வாங்கின ஒன்பது கம்பெனிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் ஈமெயிலில் அனுப்பினேன். யாரையும் கேட்கவில்லை. மூன்று மணிக்குச் சின்ன முதலாளி கூப்பிட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இரண்டு நிமிஷம்தான் ஆனது. முத்திரையை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை புதுப் பக்கத்தை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். அவன் கம்பெனி மூலமாக அது அவனுக்குப் போய்ச் சேர வேண்டாம், நானே கொடுக்க வேண்டும் என்றிருந்தது. தம்பி விமானத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஆட்களை ஏற்ற மாட்டேன் என்று முந்தின நாளே தன் மேனேஜரிடம் சொல்லிவிட்டானாம். நான் அனுப்பியதைப் பார்த்த மேனேஜர், மூட்டைகளை வைத்து ஒருதரம் பறந்து பார், சரியாக இருந்தால் பேசலாம் என்றிருக்கிறார். உள்ளே ஆட்கள் மணல் மூட்டைகளைச் சீட்டு சீட்டாக வைத்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் பக்கத்தை வாங்கி இரண்டு முறை படித்தான். அடியில் முத்திரை இல்லாததையும் பார்த்தான்.

"இந்த நம்பர் எங்கேருந்து வந்தது?"

"சோதனை ரிப்போர்ட்லேருந்து."

"ரிப்போர்ட் யார் குடுத்தா?"

"மாமா," என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லவே கூசியது. முத்திரை குத்தின அன்றைக்கு என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். டீயையும் சொன்னேன். சோதித்தார்களா என்று ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்டபோது எனக்கு நிஜமாகவே தெரியாது என்றேன். தெரிந்துகொண்டு முத்திரை குத்துவதுதானே என் வேலை என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"பின்னாடி இந்த அளவுதான் ஏத்தச் சொல்லியிருக்கேன்," என்றான். "பதினேழு சீட்ல மூட்ட இருக்கு. கடைசி சீட்டு காலி. பக்கம் சரின்னு நெனச்சா ஏறு."

அக்கா என்று அவன் சொல்லவில்லை என்பது படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. நான் வந்ததிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கதவுக்குப் பக்கத்தில் பெயர்த் தகடு இருந்தது, நாலு மூலையிலும் ஆணி அடித்து. அதைத் தாண்டி உள்ளே போனேன். சீட்டுகளை எண்ணிக்கொண்டே நடந்தேன், எத்தனை என்று தெரிந்திருந்தும். கடைசியில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினேன். பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இந்த எண்ணும் பென்சில் கொடுத்த காகிதத்திலிருந்து வந்ததுதானே.

முன்னால் விமானி அறைக் கதவு திறந்தே இருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. என்ஜின் சத்தம் ஏறியது, ஓடுபாதை கடகடத்தது, பிறகு கடகடப்பு நின்றது. நான் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பதினேழு மூட்டைகளுக்கு நடுவே, அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறின பிறகு வலது கையை எடுத்துப் பக்கத்திலிருக்கும் என்ஜின் நெம்புகோல்மேல் வைக்க வேண்டும், கையேட்டில் முப்பத்தோராம் பக்கம், நான் எழுதியதுதான். இரண்டு கைகளும் கைப்பிடியில் இருந்தன. கீழே ஊர் போய் வயல் வந்தது. இரண்டும் அப்படியே இருந்தன. தள்ளிக்கொண்டிருக்கிறானா, சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறானா என்று கடைசி சீட்டிலிருந்து எனக்குத் தெரியவில்லை.