மேகம் பார்க்கப் போனவர்

அன்று ராத்திரி ரேடியோ தொலைநோக்கியின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள்: என் அக்கா, அக்காவின் புருஷன், நான். அக்கா ஆராய்ச்சிக்காரி. அத்தானுக்கு மலைமேல் இருக்கும் கண்ணாடித் தொலைநோக்கியில் வேலை. நான் படிப்பைப் பாதியில் விட்டவன். கீழே நிற்கும் பெரிய டிஷ்ஷைத் திருப்புவது என் பிழைப்பு. அத்தான் அங்கே இருந்திருக்கவே கூடாது.

வெடித்து வெடித்து அடங்கும் ஒரு சின்ன நட்சத்திரம்தான் அக்காவின் ஆராய்ச்சி. அதை மூன்று தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயைக் காற்று விழுங்கிவிடும். அதனால் அதற்கு ஒரு செயற்கைக்கோள். வெளிச்சத்துக்கு அத்தான். ரேடியோவுக்கு நாங்கள். செயற்கைக்கோள் அன்று ஒரு மணி நேரம் மட்டும் அந்தப் பக்கம் திரும்பும். எங்கள் பதிவு கெட்டால் அக்காவின் ஆராய்ச்சி அத்தோடு சரி. மறுபடி விண்ணப்பித்து முறை வருவதற்குள் அவள் வேலையே போயிருக்கும்.

மேகம் மூடியதும் அத்தான் தன் தொலைநோக்கிக் கூண்டைச் சாத்திவிட்டு இறங்கி வந்துவிட்டார். இனி எக்ஸ்ரேயும் ரேடியோவுமாவது மிஞ்ச வேண்டும். ரேடியோ அலைக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"மேகத்துக்குள்ள என்னத்தப் பாக்கறீங்க மாப்ளே? கோடு கோடா வரைஞ்சு வச்சுக்கிட்டு."

திரையில் கோடு சட்டென்று எகிறியது. அக்கா எழுந்துவிட்டாள்.

"வெடிச்சிருச்சுடா!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சற்று நேரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"குதிக்காதக்கா. கொஞ்சம் தள்ளித் திருப்பிப் பாக்கறேன்."

டிஷ்ஷை வெற்று வானத்துக்குத் திருப்பினேன். அங்கேயும் எகிறியது. இல்லாத நட்சத்திரம் எப்படி வெடிக்கும்? திரும்பிப் பார்த்தேன். அத்தான் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"மேகம் விலகுதான்னு பாத்தேன்."

அறை முழுக்கத் தகடு அடித்திருப்பது அழகுக்கு அல்ல. எங்கள் கணினிகளும் ரேடியோ அலையைக் கக்குகின்றன. கதவு திறந்தால் அந்த இரைச்சல் நேராக டிஷ்ஷில் போய் விழும். நட்சத்திரத்திலிருந்து வருவது அதற்கு முன்னால் வெறும் முனகல். ரேடியோக்காரன் எவனும் பதிவின்போது கதவைத் தொடமாட்டான். மலைக்காரர்களுக்கோ மேகம் போட்டால் வெளியே போய் அண்ணாந்து பார்க்காமல் இருப்புக்கொள்ளாது.

டிஷ்ஷை நட்சத்திரத்துக்கே கொண்டுவந்தேன். பாதி நேரம் போயிருந்தது.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், உக்காருங்க," என்றாள் அக்கா.

உட்கார்ந்தார். கோடு அடங்கியது. காலை ஆட்டினார். கூரையைப் பார்த்தார்.

"காத்து மாறியிருக்கும்போல. ஒரே ஒரு தடவை..."

"அத்தான்!"

கதவு திறந்தது. கோடு எகிறியது.

"விலகினாலும் நீங்க மலை ஏறுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்," என்று கத்தினேன்.

"தெரியும்டா. நீங்க ரெண்டு பேரும் பாப்பீங்க, நான் மட்டும் சுவத்தப் பாக்கணுமா?"

அக்கா எழுந்து அவரிடம் போனாள். குரலை உயர்த்தவில்லை.

"வெளிய நின்னே நல்லாப் பாருங்க. மைதானத்துல முழு வானமும் தெரியும்."

அவருக்கு அது நியாயமாகவே பட்டது. அண்ணாந்தபடியே இறங்கி நடந்தார்.

"திரும்பி வந்து தட்டுவாரேக்கா."

"தட்டட்டும். தட்டுற சத்தம் ரேடியோல விழாது."

கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.