முதல் வரியில் இரண்டு கோடு

காலிதீன் றியாத்திலிருந்து ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுவந்த நாள் முதல் சாய்ந்தமருதில் அவருக்குத் தலைகால் தெரியவில்லை. கூடவே ஒரு புதுக் கொம்பைலரும் வந்தது. நாங்கள் எழுதுகிற புரோகிராமை இயந்திரத்துக்கு விளங்கும்படி மாற்றிக் கொடுப்பது அது. தானே அதைப் பெற்றெடுத்த மாதிரித்தான் மனிதர் பேசுவார்.

சம்மாந்துறையில் நெல் ஆலைக்காரர்களின் சங்கத்துக்காக மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொரு பகுதியாகப் புரோகிராம் எழுதினோம்: காலிதீன், காரைதீவு நல்லரெத்தினம், நான். சங்கத்தில் இருந்தது பழைய கொம்பைலர். அதனால் தொடக்கத்திலேயே ஒரு விதி வைத்தோம். இடையிடையே மனிதர் வாசிக்க எழுதுகிற குறிப்பை, இயந்திரம் தாண்டிப் போகவேண்டிய கொமன்டை, /* என்று திறந்து */ என்று மூடவேண்டும். அது எல்லாக் கொம்பைலருக்கும் தெரியும்.

"அதெல்லாம் பழைய ஆக்கள்ர வேல, ஜுனைதா. என்ட கொம்பைலருக்கு // போட்டாலே காணும்," என்றார் காலிதீன்.

"சங்கத்துக் கொம்பைலருக்குக் காணாது, காக்கா."

"அப்ப அவங்க புதிசு வாங்கட்டும்."

தன் மேசையில் ஓடினால் உலகம் முழுக்க ஓடும் என்று நினைக்கிற மண்டைக்கனத்துக்கு மருந்து கிடையாது.

எண்பத்தெட்டில், புரோகிராமை ஒப்படைக்கிற நாள். சங்கத்து இயந்திரத்தைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தவர் நல்லரெத்தினம் என்பதால் அவரே முன்னால் உட்கார்ந்திருந்தார். காலிதீன் தன் டிஸ்கெட்டை நீட்டினார். முதல் வரி: // 786. பிஸ்மில்லாவைக் குறிக்கிற எண்; எங்கள் பக்கத்தில் கல்யாணக் கடிதம்கூட அதோடுதான் தொடங்கும். அதில் பிழையில்லை. பிழை அதற்கு முன்னால் கிடந்த இரண்டு கோட்டில்.

கொம்பைலர் முதல் வரியிலேயே நின்றது. சங்கத் தலைவர் மீராசாஹிபு குனிந்து திரையைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீசு வராது. ஆனால் 786 தெரியும்.

"என்ன இது, 786ல நிக்கிது?"

"அந்த ரெண்டு கோடுதான்..." என்று நல்லரெத்தினம் தொடங்கினார்.

காலிதீன் முடிக்க விடவில்லை. "என்ட மெசின்ல நல்லா ஓடினது. இதப் பூட்டினவர்ட்டத்தான் கேக்கணும், 786 ஏன் பிடிக்கல்ல எண்டு."

காரணம் அவருக்குத் தெரியும். நான் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் இரத்தம் சிந்திய அந்தக் காலத்தில், அத்தனை பேர் முன்னால், ஒரு காரைதீவுத் தமிழரைப் பார்த்து அப்படிச் சொன்னால் அது எங்கே போய் முடியும் என்பதும் தெரியும். தன் மானத்தைக் காப்பாற்ற இன்னொருவரின் உயிரோடு விளையாடுகிற கோழை.

தலைவர் நிமிர்ந்தார்.

"நீங்க கொஞ்சம் எழும்புங்க தம்பி," என்றார் தலைவர்.

நல்லரெத்தினம் எழும்பினார். அந்தக் கதிரையில் நான் உட்கார்ந்தேன். எல்லாரும் பார்க்க /* 786 */ என்று மாற்றினேன். காலிதீன் கிறுக்கியிருந்த மற்றக் கோடுகளையும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

"பாருங்க, 786 அப்பிடியே இரிக்கி. நான் மாத்தினது கோட்ட மட்டும்தான். பிழ காலிதீன் காக்காட!"

நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே புரோகிராம் ஓடியது. நெல்லின் நிறைகள் வரிசையாகத் திரையில் விழுந்தன. "அல்ஹம்துலில்லாஹ்" என்ற சத்தத்தில் நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

தலைவர் காலிதீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீ சொன்னது சரிதான் மனே. அந்தாள எழுப்பினதும் ஓடிட்டே!"

காலிதீன் மறுக்கவில்லை. சிரித்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் நல்லரெத்தினம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். திரையில் ஓடிக்கொண்டிருந்தது அவர் எழுதிய பகுதி.