வெந்நீரில் ஊறிய விரல்கள்

"டாக்டர், இந்த வீடியோ வேண்டாம். எங்கம்மா கைய நேர்ல தொட்டுப் பாருங்க."

டாக்டர் கோபித்துக்கொள்வார், கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியும் மகள் கேட்டேவிட்டாள்.

"விரல்தான் நல்லா மடங்குதே, எதுக்கு அலையணும்? மாத்திரையக் குறைச்சிடலாம்," என்றார் திரையில் மூட்டுவாத டாக்டர்.

மகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாத கை, கேமரா முன்னால் மட்டும் எப்படி மடங்குகிறது? வலி பொய்யா, திரை பொய்யா?

அழைப்பு முடிந்ததும் அம்மா முனகினாள். "விரல் இளகட்டும்னு முன்னாடியே வெந்நீர்ல ஊற வச்சேன்டி. பெரிய மனுஷர்கிட்ட கோணக் கையக் காட்டவா முடியும்?"

"போட்டோவுக்காம்மா போஸ் குடுக்கிற? நாளைக்கு வெந்நீர் கிடையாது. விடிஞ்சதும் ஆஸ்பத்திரி."

"அவர் திட்டினா?"

காலைக்கு வண்டி பேசிவைக்க மகள் தெருவில் இறங்கினாள்.