மண் உள்ள இடம்

"அண்ணி, இந்தக் குரோட்டன்ஸையெல்லாம் பிடுங்கிடட்டுமா?"

கடப்பாரையை ஊன்றிக்கொண்டு முற்றத்திலிருந்து சேமு கேட்டான். வீட்டுக்குள்ளே ஐந்து பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அவன் அண்ணன் தானியேலுவைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று மாலை ஆஸ்பத்திரி வண்டியில் வந்து இறங்கிய உடம்பு. தலைமாட்டில் பெனினா உட்கார்ந்து புருஷனுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். சுவர் இல்லாத வீடு. தூண்களுக்கு நடுவே முற்றம் முழுக்கத் தெரியும். அவளுடைய மஞ்சள் குரோட்டன்ஸ் ஒன்றின் மேல் சேமுவின் கால் இருந்ததும் தெரிந்தது.

"முதல்ல காலை எடு," என்றாள்.

உள்ளே துக்கப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு வரி தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டார்கள். பெனினா எழுந்து படியிறங்கினாள். எழுந்து நின்றால் ஊரிலுள்ள பாதி ஆம்பிளைகளை விட அவள் உயரம். தானியேலுவை விட ஒரு சாண் உயரம். கல்யாணத்தன்று தொடங்கிய அந்தக் கேலி முப்பத்தாறு வருஷமாக ஓயவில்லை.

"இங்க எதுக்குத் தோண்டணும்? உங்க அப்பா பக்கத்துல, சீமைப்பலா மரத்தடியில தோண்டு."

எரிமலைத் தீவான சவாயியில் செத்தவர்களை யாரும் தூரத்தில் கொண்டுபோய் விடுவதில்லை. அவரவர் வீட்டு முற்றத்திலேயேதான் படுக்க வைப்பார்கள். மாமனாரும் மாமியாரும் மரத்தடியில் இருக்கிறார்கள். மூன்றாவது இடம் தானியேலுவுக்கு என்று பெனினா தன் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ஒரு சாண் கீழ எரிமலைப் பாறை அண்ணி. அப்பாவுக்கே பாதிக் குழிதான் தோண்ட முடிஞ்சுது, மீதியை மேல கட்டினோம். மறந்துட்டீங்களா?"

"அதுக்கு என் பாத்திதான் கிடைச்சுதா? வர்ற வியாழக்கிழமை கமிட்டி வருது, தெரியுமில்ல?"

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. கட்டினவன் உள்ளே கிடக்கிறான், இவளுக்குச் செடி கேட்கிறதா? ஆனால் உள்ளே இருந்த பெண்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. மகளிர் கமிட்டி நோட்டுப் புத்தகத்தோடு வருவதென்றால் சும்மாவா? யார் வீட்டு முற்றத்தில் குப்பை, யார் வீட்டுச் செடி வாடியது என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெயர் சொல்லிப் படிப்பார்கள். மானம் போகும்.

இந்த வருஷம் கமிட்டித் தலைவி திலோமாய் ஒரு புதுச் சட்டம் போட்டிருந்தாள். கண்டதையும் கலந்து நடக்கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு வகைத் தோட்டம். வாசனைத் தோட்டமோ, இலைத் தோட்டமோ, மருந்துத் தோட்டமோ, எதுவென்று தீர்மானித்துப் பெயர் கொடுக்க வேண்டும். அன்றைக்குப் பிடித்தது இந்த வீட்டில் சண்டை.

தானியேலு வாசனைத் தோட்டம் என்றான். முற்றம் முழுக்கப் புவாச் செடி வைத்தால் அந்த வெள்ளைப் பூ கடற்கரை வரைக்கும் மணக்குமாம். பெனினா இலைத் தோட்டம் என்றாள்.

"பூ நாலு நாள் இருக்கும். கமிட்டி அஞ்சாம் நாள் வரும். அப்ப என்ன, மூக்கைக் காட்டுவியா? இலைன்னா வருஷம் பூரா நிக்கும்."

"நின்னு என்ன பண்ணும்? உன்னை மாதிரி முறைக்கும்."

இதயம் வீங்கிப்போன மனுஷன். நாலு எட்டு நடந்தால் உட்கார வேண்டும். அப்படியிருந்தும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மூன்று நாள் முற்றமெல்லாம் குத்திக் குத்திப் பார்த்தான். எங்கே குத்தினாலும் பாறை. கடைசியில் வாசலுக்கு நேரே ஓரிடத்தில் மட்டும் கடப்பாரை முழுசாக இறங்கியது. பொன் கிடைத்தவன் போலச் சிரித்தான். மறுநாள் அவள் கோயிலில் பாட்டுப் பழகிவிட்டு வருவதற்குள் கறுப்புக் கற்களை வரிசையாக அடுக்கி, நீளவாக்கில் ஒரு பாத்தி கட்டியிருந்தான்.

"இம்மாத்தூண்டு இடத்துலயா தோட்டம்?"

"எனக்கு இது போதும்."

"அப்ப எனக்கு?"

"பக்கத்துலயே உனக்கும் இடம் விட்டிருக்கேன் பாரு. அதுலயும் மண் ஆழமா இருக்கு."

"ஆமா, மிச்சம் மீதியெல்லாம்தானே எனக்கு!"

அத்தனை பாடுபட்டுக் கட்டியவன் ஒரு மாதமாகியும் அதில் ஒரு குச்சிகூட நடவில்லை. அவன் இரண்டாம் தடவை ஆஸ்பத்திரிக்குப் போன சமயம் பார்த்து, பெனினா பதினாலு குரோட்டன்ஸ் கொண்டுவந்து அவன் பாத்தியிலேயே நட்டுவிட்டாள். திரும்பி வந்தவன் வண்டியை விட்டு இறங்கியதும் பாத்தியைப் பார்த்து அப்படியே நின்றான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

"இதோட வேர் ரொம்ப ஆழம் போகுமா?" என்று கேட்டான்.

"ஒரு சாண் போகும். ஏன்?"

"ஒண்ணுமில்ல. பிடுங்கறது சுலபம்."

"கை வெச்சுத்தான் பாரேன்!"

அவன் சிரிக்கப் போய் இருமல் வந்து, முதுகை நீவிவிட வேண்டியதாயிற்று. அது நடந்து பதினெட்டு நாள்தான் ஆகிறது.

இப்போது சேமு கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்தான். "அண்ணி, இது நான் பார்த்த இடம் இல்ல. அண்ணன் பார்த்த இடம்."

"தோட்டத்துக்குப் பார்த்த இடம்."

சேமு தலையைக் குனிந்துகொண்டான். "அந்தக் கல்லெல்லாம் தூக்கிப் போட்டது நான்தான். அளவு சரியா இருக்கான்னு அண்ணன் படுத்துப் பார்த்தாரு. கால் இடிக்குது, ஒரு கல்லைத் தள்ளுடான்னாரு. தள்ளினேன். அப்புறம் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்ல. இங்கேருந்து அடுப்படி நல்லாத் தெரியுதுடான்னாரு."

பெனினா திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குப் பக்கத்தில், ஓலைக்கூரையின் கீழே அவளுடைய அடுப்படி. யாரோ கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சண்டைன்னா உங்க அண்ணிக்கு நல்லா வரும், அழுகைதான் வராது, பாவம், அவளை அழ வெச்சுப் பழக்கம் இல்லன்னாரு."

அவளுக்கு அழுகை வரவில்லைதான். கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் இத்தனை வருஷத்தில் புருஷன் மேல் வந்ததில்லை. விடுவிடுவென்று உள்ளே போய்ப் பாயில் மண்டியிட்டு, அவன் காதோடு சொன்னாள்: "படுத்துப் பார்த்தியாமே." அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு மறுபடி வெளியே வந்தாள்.

"நீ பிடுங்காதே. வேரை அறுத்துடுவ. நானே எடுக்கறேன்."

கறுப்பு உடுப்போடு மண்ணில் உட்கார்ந்து பதினாலு செடியையும் வேர்மண் உதிராமல் எடுத்து ஓலைக்கூடைகளில் வைத்தாள். தானியேலு சொன்னது சரிதான், பிடுங்குவது சுலபமாகத்தான் இருந்தது. பிறகு ஆட்கள் தோண்டினார்கள். கடப்பாரை ஒரு தடவைகூடப் பாறையில் முட்டவில்லை.

நடுப்பகலில் பாதிரியார் ஜெபம் சொல்ல, ஊரே பாட, தானியேலுவை இறக்கினார்கள். மண் போட்டு மூடி, மேலே வெள்ளைப் பவளக்கல் பரப்பினார்கள். சாப்பாடு முடிந்து கூட்டம் கலையும்போது திலோமாய் வந்து பெனினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் வீட்டுக்கு இந்தத் தடவை கமிட்டி வராது பெனினா. நான் சொல்லிட்டேன்."

"வரட்டும்க்கா. பேரை இப்பவே எழுதிக்குங்க. வாசனைத் தோட்டம்."

"ஏய், இலைத் தோட்டம்னு சபையில சத்தியம் பண்ணாத குறையா நின்னியே!" திலோமாய் பையைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"தலைமாட்டுல ரெண்டு புவா வெக்கப்போறேன். பக்கத்துல மாசிமோ வீட்டுல குச்சி தர்றேன்னிருக்காங்க."

திலோமாய் கூடைகளைப் பார்த்தாள். "அப்ப இந்தக் குரோட்டன்ஸ்?"

"அது இங்க." பாத்திக்குப் பக்கத்தில் விட்டிருந்த வெறும் இடத்தைப் பெனினா காலால் காட்டினாள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு வகைதான்னு சட்டம் இருக்கே. ஊர்ல மத்தவங்க கேட்டா நான் என்ன சொல்ல?"

"இது தோட்டம் இல்லக்கா. சும்மா கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும். வேர் ஒரு சாண்தான். பிடுங்கறது சுலபம்."

திலோமாய் அந்த இடத்தைப் பார்த்தாள், பவளக்கல் மேட்டைப் பார்த்தாள், பேனாவை மூடிக்கொண்டாள். பெனினாவின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வெயில் தாழ்ந்தது. பெனினா கூடைகளை இழுத்து வைத்துக்கொண்டு முதல் செடிக்குக் குழி பறித்தாள். மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. சேமு மீந்த கறுப்புக் கற்களைக் கொண்டுவந்து, அண்ணன் பாத்தியின் அளவுக்கே வரம்பு கட்டிக்கொண்டு வந்தான்.

கடைசிக் கல்லை வைக்கும்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தக் கல்லை இன்னும் ஒரு சாண் தள்ளி வை, சேமு."

"ஏன் அண்ணி? சரியாத்தானே இருக்கு?"

"உங்க அண்ணனுக்குச் சரியா இருக்கும்," என்றாள் பெனினா. சேமு அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் கல்லைத் தள்ளினான்.