வக்கீலின் சட்டைப் பை

அப்பாவுக்குக் கடைசியாகப் போட்டுவிட வேண்டிய வெள்ளைச் சட்டையை மேஜையில் விரித்ததும், அவன் கை தானாகப் பையைத் துழாவியது. சலவைக்கடைக்காரன் கை, சாவு வீடானாலும் பழக்கம் விடுமா? உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. நடுங்கிய எழுத்தில் மேலே 'வக்கீலுக்கு' என்று போட்டு, கீழே நாலு வரி எழுதியிருந்தது. அதைத் தன் பையில் திணித்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தான்.

அப்பாவுக்கு அது ஒரு கிறுக்கு. புத்தர் சொன்னதெல்லாம் தடித் தடிப் புத்தகங்களில், வாயில் நுழையாத தமிழில் கிடக்கிறதே என்று, அவற்றைப் பேசுகிற மாதிரி எழுதி, தேய்த்த சட்டைகளின் பைக்குள் வைத்து அனுப்புவார். "துணி போட வர்றவங்களுக்குப் புரியலைன்னா, அவர் யாருக்குத்தான் சொன்னாரு?" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன், அப்பா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வக்கீல் கடையேறி வந்தார். "என் பையில குப்பை போடாதீங்க. இன்னொரு தடவை இருந்தா வேற கடை பாத்துக்குவேன்."

அவர் போனால் தெருவே பின்னால் போகும். அன்றிலிருந்து எல்லாச் சட்டைகளிலிருந்தும் சீட்டை உருவிவிட்டுத்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. "வக்கீல் ஏதாச்சும் சொன்னாரா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் வாய் கூசாமல் ஒன்றை அவிழ்த்துவிட்டான். அப்பா முகம் மலர்ந்து இன்னும் எழுதினார். நேற்றுச் சாயங்காலம் படுக்கையில் கிடந்தும் கேட்டார். நேற்றும் அவன் பொய்தான் சொன்னான்.

பத்து மணிக்கு வக்கீலே வந்துவிட்டார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க படிச்சிட்டுச் சொல்லி அனுப்பினீங்களே, அதுலதான் சார் இத்தனை நாள் அவர் உயிரு ஓடிச்சு."

வக்கீல் அம்மாவைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார்.

அப்பாவுக்குச் சட்டையைப் போட்டுவிட்டு அவன் வெளியே வந்தபோது, வக்கீல் சுவரோரமாக நின்றிருந்தார்.

"நான் என்னப்பா சொன்னேன்?"

"கோபத்தைப் பத்தி எழுதினதைப் படிச்சீங்களாம் சார். அன்னைக்கு வீட்டுல சத்தமே போடலையாம்."

"அப்புறம்?"

வக்கீல் தன் மகனோடு பேசி நாலு வருடம் ஆகிறது என்பது தெரு அறிந்த விஷயம். "பையன்கிட்ட நீங்களே போய்ப் பேசினீங்களாம்."

வக்கீல் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். கத்தித் தீர்த்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"அவர் நம்பினாரா?"

"நம்பினாரு சார். அன்னைக்குப் பூரா பாடிக்கிட்டே தேய்ச்சாரு."

அவன் தன் பையிலிருந்த சீட்டை எடுத்தான். கசங்கியிருந்தது. உள்ளங்கையில் வைத்து, சுருக்கம் போக நீவினான்.

வக்கீல் கையை நீட்டவில்லை. இரண்டு விரலால் தன் சட்டைப் பையை விரித்துப் பிடித்தபடி நின்றார்.