கண்டனூரில் மூன்று நிமிடம்

புதுவயலிலிருந்து காரைக்குடிக்குப் போகும் எட்டேகால் பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் சீட்டுக்காகப் பவுலின் யாரோடும் சண்டைக்கு நிற்பாள். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிடுவாள். வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவள். மற்றபடி வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள்தான்.

கண்டனூரில் டிரைவர் டீ குடிக்க இறங்குவார். மூன்று நிமிடம். எதிரே பூட்டிய பெரிய வீடு ஒன்று. அந்நேரத்து வெயில் மாடியின் வண்ணக் கண்ணாடிகளில் பட்டு மினுங்கும். பவுலின் போனில் ஒரே ஒரு படம் எடுப்பாள். பஸ் கண்ணாடியின் அழுக்கு படத்தில் மெல்லிய புகையாக விழும். பாதித் தூக்கத்தில் பார்த்த வீடு மாதிரி இருக்கும். அதுதான் அவளுக்குப் பிடித்தது. கிரயப் பத்திரத்தில் சொத்தின் நாலெல்லையை அடிக்கும்போதும் மனசு அந்த முகப்பிலேயே மிதந்துகொண்டிருக்கும். வக்கீல் இரண்டு தரம் கூப்பிட்டால்தான் காதில் விழும்.

ஒரு நாள் எல்லாப் படங்களையும் வரிசையாகத் தள்ளிப் பார்த்தாள். முதல் படங்களில் வாசலில் எருக்கஞ்செடி மண்டிக் கிடந்தது. பிறகு அதைக் காணோம். சுற்றுச்சுவர் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையாகியிருந்தது. அப்புறம் கோலம். அப்புறம் ஓரத்தில் ஒரு மனிதர், சலவைச் சட்டையும் கட்டிய கையுமாக, மாலை போடப்போகிறார்கள் என்பதுபோல விறைப்பாக நின்றார். தனக்காகவே வீடு முழித்துக்கொள்கிறது என்று பவுலின் நினைத்தாள். அசட்டுத்தனம்தான், ஆனால் என்ன சுகமான அசட்டுத்தனம்!

வியாழக்கிழமை அந்த மனிதர் ரோட்டைக் கடந்து அவள் ஜன்னலுக்கே வந்துவிட்டார். பவுலின் கண்ணாடியைத் தள்ளினாள். கிட்டத்தில் பார்த்தால் சட்டைக் காலர் நைந்திருந்தது.

"அம்மா, நான் செம்மலை. இந்த வீட்டுக் காவலுக்கு இருக்கேன். நீங்க வக்கீல் ஆபீசுல இருக்கீகன்னு கண்டக்டர் சொன்னாக."

"ஆமாண்ணே."

"வீட்டுக்குப் பங்காளிக இருபத்தாறு பேரு. எந்த ஐயா போட்டோ எடுக்கச் சொன்னாகன்னு கேக்க மாட்டேன். எங்களை இருக்கச் சொல்றாகளா, போகச் சொல்றாகளா? அதை மட்டும் சொல்லுங்க. நானும் எம் பொஞ்சாதி கருப்பியும் பதினெட்டு வருசமாப் பின்கட்டுல இருக்கோம். முன்னப்பின்ன குறை இருந்திருக்கும். இப்ப சரி பண்ணிட்டோம். பாத்திருப்பீகள்ல?"

பவுலினுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றரை மாதமாகத் தான் சொக்கிப்போய் எடுத்த ஒவ்வொரு படமும் இவர்களை ராத்தூக்கம் இல்லாமல் பண்ணியிருக்கிறது. இருக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. நாளைக்கு எவனாவது வந்து காலி பண்ணச் சொன்னால் அந்தப் பொய் யார் தலையில் விடியும்? விழுங்கிக்கொண்டாள்.

"யாரும் சொல்லலண்ணே. பாக்க அழகா இருந்துச்சு. எனக்காகத்தான் எடுத்தேன். மன்னிச்சுக்கோங்க."

செம்மலைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தோள் தளர்ந்து, முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வந்தது. பவுலினும் மூச்சு விட்டாள். அவர் திரும்பி, வெள்ளையடித்த சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். சிரிப்பு நிலைக்கவில்லை.

"அப்ப யாருமே பாக்கலையா தாயி?"

"நான் பாத்தேண்ணே. எருக்கு வெட்டுனது, சுவரு, கோலம், எல்லாம் பாத்தேன்."

அவர் மரியாதையாகத் தலையாட்டினார். ஆனால் அவள் பங்காளி இல்லையே. டிரைவர் ஏறி உட்கார்ந்தார், விசில் விழுந்தது. பஸ் நகர, செம்மலை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நாலு எட்டு நடந்து வந்தார்.

"நாளைக்கும் எடுங்க தாயி. கருப்பியையும் முன்னால நிக்கச் சொல்றேன். சுவரு முச்சூடும் அடிச்சது அவதான். ஐயாமாரு படத்துல பாப்பாகன்னு இடுப்பு நோவோட அடிச்சா."

பவுலின் சரியென்று தலையசைத்தாள். காரைக்குடி வரும்வரை அழுதுகொண்டே போனாள்.