பண்டமாரான் அறைக்கு மானியம்

தாமரைக்கு மலேசியாவின் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. பாரம் என்று அங்கே சொல்லும் விண்ணப்பத் தாள்களை நாள் முழுக்க நிரப்புவாள். பண்டமாரான் அடுக்குமாடியில் அவளைத் தவிர யாரும் பாரம் நிரப்ப விரும்பியதில்லை. அதனால் கீழ்த்தளத்து அறைக்கு மானியம் கேட்டு எழுதும் பொறுப்பும் கூட்டம் எதுவும் போடாமலே அவளிடம் வந்து சேர்ந்தது.

அந்த அறை குடியிருப்பாளர் சங்கத்துக்காகக் கட்டப்பட்டது. சங்கத் தலைவர் பந்திங்குக்கு வீடு மாறிப் போனதும் சங்கம் நின்றுவிட்டது, அறை மட்டும் இருந்தது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே வந்து உட்காருவார்கள். கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து வரும் இராஜம்மா அவர்களைப் பார்த்துக்கொள்வாள். சாப்பாட்டுக்கடை அடுக்களையில் வேலை செய்யும் ரசியா, கடையில் மிஞ்சிய சோறும் சால்னாவும் கொண்டு வருவாள். பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகள் தெருவுக்குப் போகாமல் இருந்தார்கள். அறையால் நடந்த காரியம் அவ்வளவுதான். அது சின்னக் காரியம் இல்லை என்று தாமரை நினைத்தாள்.

அறையில் மின்விசிறி கிடையாது. அடுப்பும் கிடையாது. பெரிய பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தர ஆளும் இல்லை.

தாமரை முதலில் இரண்டு இடங்களுக்கு எழுதிப் போட்டாள். ஒரு இடத்திலிருந்து பதில் வரவில்லை. இன்னொரு இடத்திலிருந்து, விண்ணப்பத்தில் 'மனிதத் தொடுதல்' குறைவாக இருக்கிறது என்று கணினி அனுப்பிய பதில் வந்தது. மூன்றாவதாக பிரிக்பீல்ட்ஸில் கனிவுக்கரம் என்றொரு சிறிய அறக்கட்டளை இருப்பது தெரிந்தது. நலிவுற்ற குடும்பங்களுக்கும் இளையோருக்கும் உதவுவது அவர்கள் நோக்கம். பயன்பெறும் ஒரு குடும்பத்தின் உண்மைக் கதையை முந்நூறு வார்த்தைக்குள் எழுத வேண்டும் என்று விண்ணப்பத்தில் ஒரு பகுதி இருந்தது.

தாமரை ரசியாவைப் பற்றி எழுதினாள். பெயர் போடாமல் 'ஆர்' என்று முதலெழுத்தை மட்டும் குறிப்பிட்டாள். 'கணவரால் கைவிடப்பட்ட தாய். உணவகத்தில் நாள் கூலி. நான்காம் படிவத்தில் படிக்கும் ஒரே மகள் பள்ளியை விட்டு நின்றுவிடும் அபாயத்தில் இருக்கிறாள்.' இப்படிப் போனது. இரண்டு முறை படித்துப் பார்த்தாள். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தாள். ரசியாவிடம் கேட்கவில்லை. பெயர்தான் போடவில்லையே. விண்ணப்பிக்கக் கடைசி நாள் வேறு.

இந்த முறை பதில் வந்தது. சனிக்கிழமை ஒருவர் நேரில் பார்க்க வருவார் என்றார்கள்.

"பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து ஒருத்தர் ரூமப் பாக்க வராருக்கா. எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்" என்று தாமரை இராஜம்மாவிடம் சொன்னாள்.

"கவலப்படாத லா. நாங்க பாத்துக்கறோம்" என்றாள் இராஜம்மா.

சனிக்கிழமை காலை தாமரை கிள்ளான் ஸ்டேஷனுக்குப் போய் வந்தவரைக் காரில் ஏற்றிக்கொண்டாள். பெயர் கமலநாதன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறக்கட்டளைக்குச் சம்பளம் வாங்காமல் உழைப்பவர். வழியெல்லாம் தாமரை அறையின் நிலைமையை எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். வெக்கையைப் பற்றிச் சொன்னாள். பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து எழுதுவதைப் பற்றியும் சொன்னாள். அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்று அடித்தது. மூலைக்கொன்றாக நிற்கும் விசிறிகள், வாசலுக்கு நேராக இன்னொன்று. எல்லாம் வீடுகளிலிருந்து இறங்கி வந்தவை. நடுவில் மூன்றாம் மாடி லெட்சுமியின் புது சோபா, பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. அதன் முன்னால் கம்பளம். சுவரோரம் பெரிய டிவி. தீபாவளிக்கு எடுத்த துணிகளில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒரு பையன் டை கட்டியிருந்தான். மேசையில் கோழி பிரியாணி, கேசரி, ஜாடி நிறைய சிராப் பண்டோங் என்ற ரோஜாப்பால்.

"உக்காருங்க சார்" என்று லெட்சுமி சோபாவைக் காட்டினாள். "நேத்துதான் வந்துச்சு."

கமலநாதன் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். காற்றில் தாள்கள் பறந்தன. பிள்ளைகள் ஓடிப் பிடித்துக் கொடுத்தார்கள்.

"ஃபேன் இல்லன்னு எழுதியிருந்தீங்க" என்றார்.

"இதெல்லாம் இரவல் சார்" என்றாள் தாமரை.

"எங்களுதுதான் சார். எங்க கட்டடத்துல எல்லா வீட்லயும் ஃபேன் இருக்கு" என்றாள் இராஜம்மா.

"பிள்ளைங்களுக்குச் சாப்பாட்டுப் பிரச்சன இருக்குமே?"

"அதெல்லாம் கிடையாது சார். இன்னொரு கோழித் துண்டு வைக்கட்டா?"

கமலநாதன் வைக்கச் சொன்னார். தாமரை ஒவ்வொன்றையும் திருத்தப் பார்த்தாள். அவள் ஒன்று திருத்தினால் பெண்கள் இரண்டாகத் திருப்பிச் சொன்னார்கள். பிள்ளைகள் தினமும் கோழி சாப்பிடுவதாகச் சொன்னார்கள். டை கட்டிய பையன் டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னான்.

பிறகு கமலநாதன் ஒரு தாளை எடுத்தார். "இதுல ஒரு குடும்பத்தப் பத்தி இருக்கு. எங்க கமிட்டித் தலைவர் டத்தோ பட்டம் வாங்கினவரு, அவருக்கே மனசு கலங்கிப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். நல்ல உச்சரிப்பு. கணவரால் கைவிடப்பட்ட தாயிலிருந்து பள்ளியை விட்டு நிற்கப்போகும் மகள்வரை ஒரு வரி விடாமல் வாசித்தார்.

ரசியா பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் மகள் ருக்சார் சிராப் ஊற்றிக்கொண்டிருந்தாள். உணவகத்தில் வேலை செய்யும் தாயும் நான்காம் படிவத்து மகளும் அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. அது கமலநாதனைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

"அவங்க இங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

பெண்கள் தாமரையைப் பார்த்தார்கள்.

"இல்ல சார்" என்றாள் ரசியா. "வீடு மாறிப் போய்ட்டாங்க."

"அடடா. எங்க?"

"கேரி தீவுக்கு."

கமலநாதன் அதைக் குறித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு?"

"நல்லா படிக்கிறா" என்றாள் ருக்சார். ஜாடியை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. மையம் சிறப்பான வசதிகளுடன் இயங்குவது கண்டு அறக்கட்டளை மகிழ்ச்சி தெரிவித்தது. நலிவுற்ற குடும்பம் இடம்பெயர்ந்துவிட்டதாலும் இதைவிடத் தேவை அதிகமுள்ள மையங்கள் இருப்பதாலும் உதவ இயலவில்லை என்றது. ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

தாமரை வேலையிலிருந்து நேராக இராஜம்மாவிடம் போனாள்.

"அக்கா, நான் என்ன சொன்னேன்? இருக்கற மாதிரியே விடுங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"விருந்தாளி வராருன்ன. தரையிலயா உக்கார வைக்கறது?"

"விருந்தாளி இல்லக்கா. நம்ம கஷ்டத்தப் பாக்க வந்தவரு."

"அப்போ அத மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்ற இராஜம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்லியிருந்தாலும் சோபா போட்டிருப்போம்" என்றாள்.

ரசியா அறைக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். பிள்ளைகள் பிஸ்கட் தின்றார்கள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் சொல்லப்பட்டது. பிறகு அதையும் யாரும் சொல்லவில்லை. தாமரை பல நாள் மாடிப்படி வரை போய்த் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறி ரசியாவின் கதவைத் தட்டினாள்.

ரசியா உள்ளே விட்டாள். தேநீரும் கொடுத்தாள்.

"உன்கிட்ட கேக்காம எழுதினது தப்புதான் ரசியா" என்றாள் தாமரை. "பேரு போடல, யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுட்டேன்."

"நீங்க எழுதினது பொய்யா இருந்தா சண்ட போட்டிருப்பேன் தாமரக்கா. ஒரு வார்த்தகூட பொய் இல்ல. அதான் என்ன சொல்றதுன்னு தெரியல."

படுக்கையறையிலிருந்து ருக்சார் வெளியே வந்தாள்.

"ஸ்கூல நிறுத்தப் போறேன்னு அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன் ஆன்டி. அம்மா உங்ககிட்ட அழுதுச்சு. நீங்க பாரத்துல போட்டீங்க. இப்போ யாரோ ஒரு டத்தோவுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் இன்னும் முடிவே பண்ணல."

தாமரை வார்த்தை எண்ணிக்கையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ருக்சார் அதைப் பார்த்துவிட்டு டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள். தள்ளிய விதத்தில் அன்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் தள்ளினாள்.

"அப்பீல் பண்ணலாம்னு போட்டிருக்காங்க" என்றாள் தாமரை, மூக்கைத் துடைத்தபடி. "நான் தனியா எழுத மாட்டேன்."

"என் மக முன்னால சத்தம் போட்டு வாசிக்க முடியாதது எதுவும் அதுல இருக்கக்கூடாது" என்றாள் ரசியா.

"சரி."

மேல்முறையீடு கீழ்த்தளத்து அறையில் எல்லாரும் உட்கார்ந்து எழுதப்பட்டது. சோபா இல்லாததால் தரையில் உட்கார்ந்தார்கள். ருக்சார் தாமரையின் மடிக்கணினியில் தட்டச்சு செய்தாள். நலிவு நிலையை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிப்பிடவும் என்ற கேள்வியில் வேலை நின்றது.

"அஞ்சு போடணும்" என்றாள் தாமரை. "அப்பதான் பாப்பாங்க."

"அஞ்சுன்னா பிச்சக்காரங்க லா. ரெண்டு போடு" என்றாள் இராஜம்மா.

"எனக்கு ஒண்ணு" என்றாள் லெட்சுமி. அவளை யாரும் கேட்கவில்லை.

ரசியா வெகுநேரம் யோசித்தாள். "மாசக் கடைசியில நாலு. சம்பளம் போட்டதும் ரெண்டு" என்றாள்.

ருக்சார் மூன்றரை என்று தட்டினாள். கணினி பின்னத்தை ஏற்கவில்லை. மூன்று போட்டுவிட்டு, ரசியா சொன்னதைக் குறிப்புப் பகுதியில் அப்படியே சேர்த்தாள். அதன் கீழே, பார்வையிட்ட அன்று அறையில் இருந்த பொருட்கள் எந்தெந்த வீட்டுக்குத் திரும்பிப் போயின என்பதும் சேர்க்கப்பட்டது. சோபா, மூன்றாம் மாடி லெட்சுமி. டிவி, இரண்டாம் மாடி மோட்டார் மெக்கானிக். டை, பையனின் மாமா.

கடைசியில் ருக்சார் தன்னைப் பற்றி இரண்டு வரி அவளாகவே எழுதினாள். 'பள்ளியை நிறுத்தலாமா என்று யோசித்தேன், முக்கியமாகக் கணக்கால். கணக்குக்கு ஆசிரியர் வந்தால் மறுபடியும் யோசிப்பேன்.' எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். யாரும் மாற்றச் சொல்லவில்லை.

சில நாள் கழித்துக் கமலநாதன் தாமரைக்குப் போன் செய்தார். "கேரி தீவுக்குப் போனவங்களப் பத்தி இதுல ஒண்ணும் காணோமே?" என்று கேட்டார். தாமரை பக்கத்தில் இருந்த ரசியாவைப் பார்த்தாள். ரசியா கை நீட்டிப் போனை வாங்கினாள்.

"அது நான்தான் சார். எங்கயும் போகல."

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"நான் அத வாசிச்சப்போ நீங்க அங்கதான் இருந்தீங்களா?"

"பிரியாணிக்குப் பக்கத்துல."

"உங்க பொண்ணு?"

"உங்களுக்கு சிராப் ஊத்தினது."

"மன்னிச்சிக்கங்கம்மா" என்றார் கமலநாதன். "நான் நாப்பது வருசம் பேங்க்ல லோன் பாரம் பாத்தவன். எல்லாத்தயும் வாசிச்சிடற பழக்கம்." தொண்டையைச் செருமினார். "பிரியாணி நல்லா இருந்துச்சு. அத எங்கயும் எழுத எடம் இல்ல."

மானியம் கிடைத்தது, கேட்டதில் பாதி. மின்விசிறிகளுக்கும் ஓராண்டு கணக்கு ஆசிரியருக்கும் ஒப்புக்கொண்டார்கள். அடுப்பு 'உணவும் பானமும்' என்ற பிரிவில் வந்ததால், அந்தப் பிரிவுக்கு நிதி இல்லை என்றார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் வழங்கும் நிகழ்ச்சி வைத்தார்கள். தாமரையும் இராஜம்மாவும் ரசியாவும் ருக்சாரும் ரயிலேறிப் போனார்கள். டத்தோ ஆள் உயரத்துக்கு ஒரு அட்டைக் காசோலையைக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். முடிந்ததும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்று தாமரை காத்திருந்தாள். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அது அவர்களுடைய காசோலை.

கேஎல் சென்ட்ரல் ரயில் நிலைய நுழைவாயிலில் அதை உள்ளே கொண்டுபோக ஊழியர் ஒருவர் அகலக் கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது. ரயிலில் அதை நிற்க வைத்து நால்வரும் பிடித்துக்கொண்டார்கள். 'நலிவுற்ற குடும்பங்களுக்காக' என்று தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில் இருந்தது. பெட்டியில் இருந்தவர்கள் முதலில் அட்டையைப் படித்தார்கள், பிறகு இவர்களைப் பார்த்தார்கள். இராஜம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

ருக்சார் எழுந்து அட்டையைத் திருப்பி வைத்தாள். வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தது. எதிரே இருந்த மலாய்க்கார அம்மா அது என்ன என்று கேட்டார்.

"ஸ்கூல் புரோஜெக்ட்" என்று மலாயில் பதில் சொன்னாள் ருக்சார்.

அந்த அம்மா நன்றாகச் செய்யும்படி வாழ்த்தினார்.

உண்மையான பணம் வர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. அதன் பிறகு சுபாங் ஜெயாவிலிருந்து குரு என்ற இளைஞர் வாரம் மூன்று நாள் கணக்கு சொல்லித்தர வந்தார். முதல் பரீட்சையில் ருக்சார் தோற்றாள். இரண்டாவதிலும் தோற்றாள், ஆனால் கொஞ்சம் குறைந்த வித்தியாசத்தில். இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கிறாள். திங்கட்கிழமைகளில் பள்ளியை நிறுத்தப் போவதாகச் சொல்வாள். ரசியா சரி என்று சொல்லிவிட்டு, மறுநாளுக்கு அவள் சீருடையைத் தேய்த்து வைக்கிறாள்.

அடுப்புக்கு எங்கே எழுதுவது என்று தாமரை தேடிக்கொண்டிருக்கிறாள். ஷா ஆலத்தில் ஓர் இடம் இருக்கிறதாம். அவர்களும் வந்து பார்ப்பார்களாம். லெட்சுமியிடம் இன்னும் சொல்லவில்லை.